புளி போட்டு மினுக்கிய பட்டாளச் சின்னம்

பழைய பட்டாளச் சின்னம் சேர்ப்பது, மனைவியிடம் திட்டு வாங்குவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த பொழுதுபோக்கு. இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலை நாட்களில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் மாடிப்படி கழுவுகிறேன்; ஓய்வு கிடைத்தால் சந்தையில் பழஞ்சாமான் தட்டுகளைக் கிளறுகிறேன். பிரிட்டிஷ் பட்டாளத்து அயர்லாந்துப் படைகளின் தொப்பிச் சின்னங்களை மட்டும்தான் எடுப்பேன். மேலே கிரீடம், கீழே யாழ். யாழ்ப்பாணத்தான் யாழைக் கண்டால் விடுவானா?

வெள்ளிக்கிழமை வேலை

கபோ சந்தையில் ஒரு கிழவரின் தட்டில், கரண்டிகளுக்கு நடுவே அந்தப் பித்தளைச் சின்னம் கிடந்தது. இரண்டாம் உலகப்போரில் சிசிலியில் வந்திறங்கிய படையினது. கறுத்துப் போயிருந்தது, அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு. மினுக்கிவிட்டால் சேர்ப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்த்தால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதுவும் பளபளத்தது. என் மனைவி வசந்தி பித்தளையைக் கண்டால் புளியைக் கரைத்துவிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சின்னத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் ஆணியால் கீறிய ஒரு பேர், ஒரு இலக்கம். "விளக்கோடை சேர்த்துத்தான் தேய்ச்சனான். பின்னாலை ஒரு பெடியன்ரை பேர் கிடக்குது, பாருங்கோ."

ஈரம்

மறுநாள் காலை, என் சின்னங்களை வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் அந்தச் சின்னத்தின் கீழ் மட்டும் வட்டமாகத் தண்ணீர். துடைத்தேன். அடுத்த காலையும் இருந்தது. மற்றச் சின்னங்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. தெற்கிலிருந்து ஈரம் கொண்டுவரும் சிரோக்கோக் காற்றின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்று நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. சேற்று மணம் வேறு. பயந்தேன் என்று சொல்ல வெட்கமில்லை.

வசந்தி பயப்படவில்லை. அவளுடைய தம்பி வன்னியில் கடைசிச் சண்டையில் கடலேரிப் பக்கம் காணாமல் போனவன். அவன் படம் எங்கள் வீட்டு மேசையில் மாலையில்லாமல் இருக்கிறது. மாலை போட்டால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சின்னத்தைத் துடைத்தபடி சொன்னாள்: "இவன்ரை வீட்டிலையும் ஆரோ மாலை போடாமல் பாத்துக்கொண்டிருப்பினம். தேடிக் குடுங்கோ."

கிழவர் சொன்னது

கொடுக்க எனக்கு மனமில்லை. பேர் கீறிய சின்னம் ஆயுளில் ஒருமுறைதான் கையில் சேரும். எந்த வயலில் கிண்டி எடுத்தது என்று மட்டும் கேட்டு வைப்போம் என்று கபோவுக்குப் போனேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய சிசிலியப் பேச்சை எங்கள் தமிழில் சொன்னால்: "அதை நான் ஒருத்தரிட்டையும் வாங்கேல்லை. ஒருநாள் காலமை தட்டிலை கிடந்தது. கரண்டியெல்லாம் நனைஞ்சிருந்தது. அண்டைக்கு மழையே இல்லை."

விருந்தாளி

அதற்குமேல் வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. பின்பக்கத்தைப் படமெடுத்து, சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் போட்டேன். இரண்டு மாதத்தில் அயர்லாந்திலிருந்து ஒரு வயதான பெண்மணி எங்கள் ஒரேத்தோ தெரு வீட்டு வாசலில் வந்து நின்றார். கீறியிருந்தது அவருடைய பெரியப்பாவின் பேர். சிசிலியில் ஒரு ஆற்றைக் கடந்த இரவில் காணாமல் போனவராம், உடல் கிடைக்கவேயில்லையாம். சின்னத்தை அவரிடம் நீட்டியபோது என் விரல்கள் விடமாட்டேன் என்றன. விட்டேன். அவர் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "சாகும்வரைக்கும் அவருக்கு மெழுகுதிரி கொளுத்த அப்பம்மா விடேல்லை. இனிக் கொளுத்தலாம்."

மேசை

அடுத்த காலை பெட்டி காய்ந்திருந்தது. அப்பாடா என்று திரும்பினேன். மேசையில், வசந்தியின் தம்பி படத்துக்குக் கீழே, வட்டமாகத் தண்ணீர். துணியை எடுத்தேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனுக்காக அழுததை நான் பார்த்தது அன்றுதான். அவள் சொன்னாள்: "துடையாதேங்கோ. தம்பி வந்திட்டான். கபோவிலை பூ வேண்டிக்கொண்டு வாங்கோ, மாலை கட்டோணும்."

ஒரு சாமான் கைவிட்டுப் போனால் சேர்ப்பவன் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்பார்கள். தம்பி வந்த பிறகு என் வீட்டில் இடம்தான் போதவில்லை.