நஸீரா கழுவிய மணிகள்

ஏறாவூரிலிருந்து செய்தி வந்தபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நஸீரா காலமாகிவிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். துக்கத்துக்கு முன் எனக்கு வெட்கம்தான் வந்தது. ஏன் என்று, அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

பனிச்சங்கேணியிலிருந்து உரித்த இறால் கோது எடுப்பித்து, அதிலிருந்து மிளகளவு மணிகள் செய்தவர் அவர். பாலிலுள்ள சீனியை உடைக்கும் நொதியத்தை அந்த மணிகளில் பிணைத்துவிட்டால், பாலை வடித்துவிட்டு அதே நொதியத்தைத் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். கோது நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்தினால், "கறியில கிடந்தா மட்டும் ரெண்டாந்தரமும் கேப்பீங்க, சேர்" என்று சிரிப்பார்.

ஒரு மாநாடு நெருங்கியது. இரவு முழுக்கப் பிணைய விட வேண்டிய மணிகளை இரண்டு மணித்தியாலத்திலேயே எடுக்கச் சொன்னேன். ஒட்டாத நொதியம் போக நஸீரா மூன்று தரம் கழுவித் தந்தார்.

"சேர், கழுவின தண்ணியையும் ஒருக்காச் சோதிச்சுப் பாருங்களன். எனக்கு இது சரியா ஒட்டின மாதிரித் தெரியல்ல."

"உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்தான்" என்று எரிந்து விழுந்தேன். சோதிக்கவில்லை.

மாநாட்டில் ஒருவர் அதையே கேட்டார்: வேலை செய்தது மணியிலுள்ள நொதியமா, கழன்று பாலில் கலந்த நொதியமா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "கழுவியவர் கவனமாகக் கழுவவில்லை போலிருக்கிறது" என்றேன். பாவி! நஸீரா கடைசி வரிசையில்தான் இருந்தார். தலை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வழமைபோல வேலைக்கு வந்தார். "இந்தமுறை விடியுமட்டும் ஊற விடுவமா, சேர்?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்க அதன் பிறகு வருடக்கணக்காக நேரமிருந்தது. வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் பாறூக் காக்கா என்னை ஒரு பக்கமாக அழைத்தார். "அவ ஒழுங்காக் கழுவாமத்தான் அந்த வேலை பிழைச்சதெண்டு ஆக்கள் கதைச்சாங்க. கேட்டா அவ ஒண்டும் சொல்லமாட்டா. மெய்யா, சேர்?"

"அதெல்லாம் பழைய கதை, காக்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். அங்கேயும் எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போதெல்லாம் கழுவிய நீரைச் சோதிக்காமல் நான் எந்த முடிவையும் எழுதுவதில்லை. நஸீராவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம்.

பாறூக் காக்கா, அது மெய்யில்லை. உங்கள் மனைவி ஒழுங்காகத்தான் கழுவினார். அவசரப்பட்டவன் நான். அவர் இருக்கும்போதே, அத்தனை பேர் முன்னால், அவர்மேல் பழியைப் போட்டவனும் நான்தான்.