குவைத்தில் இருந்தவர் மேல் மஞ்சுவிரட்டு கேஸ்

என் வீட்டுக்காரர் மேல் கிரிமினல் கேஸ் இருக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் எங்கள் வாசலில் நின்று சொன்னபோது, எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அய்யனாரை நம்பும் உங்களிடம் இதை அமைதியாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பல வருடங்களாகக் குவைத்தில் டிரைவர். பங்குனியில் லீவில் வந்தார். பாஸ்போர்ட் முடியப்போகிறதே, இங்கேயே புதுப்பித்துக்கொண்டு போகலாம் என்று விண்ணப்பித்தோம். அதற்கு விசாரிக்க வந்தவர்தான் அந்தப் போலீஸ்காரர்.

"மாசி மாசம் பர்மிஷன் இல்லாம மஞ்சுவிரட்டு நடத்துனதுல இவரு பேரும் இருக்கும்மா. பாஸ்போர்ட் இப்ப வராது."

மாசியில் அவர் குவைத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்!

நடந்தது இதுதான். இலுப்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில், அய்யனார் கோயில் மஞ்சுவிரட்டுக்குப் பிளக்ஸ் வைத்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் படத்தையும் 'விழாக் கமிட்டி' என்று போட்டுவிடுவார்கள். அது ஒரு மரியாதை. இந்த முறை அனுமதி வருவதற்குள் அவசரப்பட்டு மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். போலீஸ் வந்ததும் ஆட்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். பிளக்ஸ் ஓடுமா? அதில் இருந்த பெயர்களை எல்லாம் அப்படியே எழுதிக் கேஸ் போட்டுவிட்டார்கள்.

கமிட்டிக்காரனிடம் போய்க் கத்தினேன். "அண்ணன் படம் இல்லாம எப்புடிக்கா பிளக்ஸ் அடிக்கிறது? அப்புறம் நீங்களே கோவிச்சுக்குவீங்கள்ல?" என்றான். வீட்டுக்கு வந்தால் இவர், "படம் என்னமோ நல்லாத்தான் வந்துருக்கு" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் போய், "அன்னைக்கு அவரு ஊருலயே இல்லைங்க" என்றேன். "அதைக் கோர்ட்டுல சொல்லிக்கங்கம்மா" என்றார்கள். அங்கும் சத்தம் போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேஸ் முடிய வருடக்கணக்கில் ஆகும், அதுவரை வெளிநாடு போகக் கோர்ட் அனுமதி கொடுத்தால் பாஸ்போர்ட் வாங்கிவிடலாம் என்றார் வக்கீல். ஆனால் ஆவணிக்குள் குவைத் போய்ச் சேராவிட்டால் விசா போய்விடும். வேலையும் போய்விடும். ஐம்பதை நெருங்கும் மனுஷனுக்குப் புதிதாக யார் வேலை தருவார்கள்?

அனுமதி கேட்டு மனுப் போட்டோம். ஒரு வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு. அடுத்ததற்கு வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. அதற்கு அடுத்ததற்கு அரசு வக்கீலுக்குப் பேப்பர் போய்ச் சேரவில்லையாம். இப்படியே ஆடி வந்துவிட்டது. இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆடி வெள்ளியில் கோயிலுக்குப் போனேன். எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். நான் சண்டை போட்டேன்.

"ஒன் திருவிழாவுக்குத்தானய்யா பிளக்ஸ் வச்சாங்க? மாடு ஓடுனது ஒன் வாசல்லதான? எல்லாத்தையும் பாத்துக்கிட்டு குதிரை மேல உக்காந்திருக்கியே, நல்லா இருக்கா? வர்ற வாய்தாவுக்கு நீயும் வா!"

பூசாரி மிரண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேறு எங்கே போய் அழுவது?

வாய்தா அன்று வக்கீல் என்னிடம், "உள்ள வாங்க, ஆனா வாயைத் தொறக்காதீங்க" என்றார். என் வாயைப் பற்றி அவருக்கும் தெரிந்துவிட்டது. அரசு வக்கீல் எழுந்து, இவரை விட்டால் திரும்பி வரமாட்டார் என்றார். ஜட்ஜ் அம்மா இவரைப் பார்த்து, "திரும்பி வருவீங்களா?" என்று கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வக்கீல் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, மாடு அவுத்த அன்னைக்கு இவரு குவைத்துல இருந்தாருங்க. பாஸ்போர்ட்ல சீல் இருக்குங்க. பிளக்ஸ்ல இவரு படம் இருந்துச்சு, இவரு இல்ல. நானும் பிள்ளைகளும் இங்கிட்டுதான் இருக்கோம். எங்கள விட்டுட்டு இவரு எங்க போவாரு?"

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடவில்லை, சத்தம் உயரவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது நான் பேசுகிற பேச்சே இல்லை. அந்த நிதானத்தை எனக்குக் கொடுத்தது அய்யனார்தான். ஜட்ஜ் அம்மா சீலைப் பார்த்தார், பிளக்ஸ் போட்டோவைப் பார்த்தார், போலீஸ்காரரைப் பார்த்தார். கூப்பிடும்போது வந்து ஆஜராக வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்துவிட்டார்.

ஆவணி முடிவதற்குள் புதுப் பாஸ்போர்ட்டோடு அவர் விமானம் ஏறினார். "எறங்கிட்டேன்" என்று அவர் போன் செய்தபோது, நன்றி அய்யா, நன்றி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். "எனக்கு எதுக்கு நன்றி?" என்றார் இவர்.

கேஸ் இன்னும் இழுத்துக்கொண்டுதான் கிடக்கிறது. ஆனால் முன்னைப் போல நான் எடுத்ததற்கெல்லாம் கத்துவதில்லை. கத்த வேண்டியதை வெள்ளிக்கிழமை கோயிலில் கத்திவிட்டு வருகிறேன். உங்களுக்கும் தீராத தலைவலி இருந்தால், முறையாக வேண்டிக்கொள்ளத் தெரியவில்லையே என்று தள்ளி நிற்காதீர்கள். கோபத்தோடே போங்கள். திட்டினவளுக்கும் துணைக்கு வருகிறவர் அவர்.