இரண்டு விசில்

அப்பா விசில் ஊதியது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பொய்! நன்றாகவே கேட்டது...

அப்பா கறம்பக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு, அவருடைய பழைய விசிலையே அம்மா அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். பஸ்ஸில் ஊதிய கணக்குத்தான் வீட்டிலும். ஒன்று ஊதினால் பஸ் நிற்க வேண்டும்; வீட்டில் என்றால், ஆள் வர வேண்டும். இரண்டு ஊதினால், சரி, போகலாம். வேலையை விட்டுவிட்டு வந்து அவரைப் பார்த்துக்கொண்டவன் நான். என் தோளைப் பிடித்து வாசல் வரைக்கும் நடந்துவிட்டார், தெரியுமா உங்களுக்கு?

அன்று மத்தியானம் அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான் கம்ப்யூட்டரில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். எதிரி கண்ணில் படாமல் பதுங்கி ஆடும் ஒரு கேம் வரிசையில், பெரிய கதைக்கு முன்கதையாக வந்த குட்டி ஆட்டம். ஒரே முகாம், கொட்டும் மழை, உள்ளே ஒரு கைதி. அவனைத் தோளில் தூக்கிவந்து ஹெலிகாப்டரில் ஏற்ற வேண்டும். இவ்வளவுதான்! எத்தனையோ முறை முடித்ததுதான். அன்று ஒரு காவலன்கூடப் பார்க்காமல் முடிக்க வேண்டும் என்று ஒரு வெறி...

கைதி என் தோளில் இருந்தான். ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு விசில்.

ஹெட்போன் ஒரு காதில்தான் இருந்தது. மறு காதை அப்பாவுக்காகவே விட்டுவைப்பேன். திரும்பினேன். கட்டிலில் உட்கார்ந்து பாத்ரூம் பக்கம் கை காட்டினார்.

"இருங்கப்பா, ஒரு நிமிஷம்... வாரேன்."

என்னையே பார்த்தார். பிறகு இரண்டு விசில் ஊதினார்.

போகலாம் என்று அவரே சொல்லிவிட்டாரே! திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஐயோ... திரையில் ஒரு பொம்மையைச் சுமந்து பத்திரமாக ஏற்றினேன். என்னைப் பெற்றவரை உட்காரவைத்துவிட்டு! பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடக்க மாட்டார் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா ஓடிவந்தாள். "ஹெட்போன் மாட்டிருந்தேம்மா... கேக்கல" என்றேன்.

"நீ என்னய்யா பண்ணுவ? ஒனக்குக் கேட்டிருந்தா ஓடியாந்துருக்க மாட்டியா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அப்பா கிடந்தார். பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

அந்த இரண்டு விசில் எனக்குத் தந்த அனுமதியா? இல்லை, இவனை நம்பிப் பயனில்லை, நாமே கிளம்புவோம் என்று ஊதியதா? யாரிடம் போய்க் கேட்பேன்? அம்மாவிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். "எம்புள்ள ராவும் பகலும் பாத்துக்கிறான்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லும்போது செத்துவிடலாம்போல இருக்கிறது.

விசில் இன்னும் அவர் கழுத்தில்தான் கிடக்கிறது. அன்றைக்குப் பிறகு அவர் ஊதவே இல்லை. எதற்கும் கூப்பிடுவதில்லை.

இன்று காலையும் படுக்கை நனைந்திருந்தது. துணியை மாற்றிவிட்டு, விசிலை அவர் உதட்டில் வைத்தேன். "ஊதுங்கப்பா... ஒரே ஒரு தடவ ஊதுங்க, ஓடியாரேன்" என்று கெஞ்சினேன்.

உதட்டிலிருந்து அதை நழுவவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.