என் பை பத்திரமாக இருந்தது

இன்று காலை மூணாறிலிருந்து மறையூர் வரும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வழக்கம்போல், உட்கார்ந்திருந்த ஓர் அக்காவின் மடியில் என் பையை வைத்தேன்.

பாதி வழியில் ஒரு யானை நடுரோட்டில் நின்றது. "ஜன்னல் ஷட்டரை இறக்குங்க, யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் கண்டக்டர்.

அடைத்த பஸ்ஸுக்குள் டீசல் புகை. எனக்கு ஆஸ்துமா இழுப்பு தொடங்கிவிட்டது. இன்ஹேலர் பைக்குள் இருக்கிறது, சொல்ல மூச்சில்லை. கையை நீட்டிப் பையைக் காட்டினேன்.

"பை பத்திரமா இருக்கு புள்ள, பயப்படாத" என்று அக்கா அதை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டு பேர் எழுந்து, அந்த சீட்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். படுத்தால் எனக்கு மூச்சு இன்னும் அடைக்கும். எழப் பார்த்தேன். "அசையாமப் படும்மா" என்று ஒருவர் தோளை அழுத்தினார். இன்னொருவர் மூக்கில் தைலம் தேய்த்தார். எல்லாரும் நல்லவர்கள். யானையிடமே போய்விடலாம் போலிருந்தது.

கடைசியில் எல்லாரையும் தள்ளிவிட்டு எழுந்து, பையைப் பிடுங்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தேன். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. பிறகு யானையும் வழிவிட்டது.

மறையூரில் இறங்கும்போது அக்காவின் முகம் வாடியிருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே. பிடுங்கிட்டியே புள்ள."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அக்கா, மூச்சில்லாமல் போனது.

இனி இன்ஹேலர் என் சுடிதார் பாக்கெட்டில். இழுப்புக்காரர்களே, உங்களுடையது இப்போது யார் மடியில் இருக்கிறது?