ஷெட்டுக்கு எர்த் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே அறைக்கு அறை வாசலில் ஒரு செம்புத் தகடு உண்டு. உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்கட்டும் என்று, அதை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் வெடிமருந்து இருக்கும் அறைக்குள் போக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. எங்கள் கார் ஷெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசல் இரும்புத் தூணைத் தொட்டுவிட்டுத்தான் வருவாள். என்ன, தூணுக்குச் சூடம் காட்டலாமா என்று கேலி செய்வேன்.

ஷெட் இருந்ததே தவிர கார் வாங்கும் யோகம் வரவில்லை. சரி, கேட்டும் கிரில்லும் அடித்துப் பிழைப்போம் என்று போன வருஷம் அங்கே வெல்டிங் மெஷினை இறக்கினேன். வீட்டு லைன் தாங்காது என்று மூணு பேஸ் கனெக்‌ஷன் வாங்கினேன். மீட்டரிலிருந்து ஷெட்வரை கேபிள் இழுத்தது நான்தான். இரும்பை வளைப்பவனுக்கு வயர் இழுக்கத் தெரியாதா என்ற திமிர். கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரை அந்தத் தூணிலேயே நட்டுப் போட்டு முறுக்கினேன். தூண் மண்ணுக்குள்தானே போகிறது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முதலாக மெஷின் சுவிட்சில் கை வைக்கப் போனபோது அவள் வந்து நின்றாள்.

"எர்த்து சரியா இருக்கான்னு யாரு பாத்தா?"

நான்தான் பார்த்தேன் என்றேன். கம்பெனியில் மீட்டர் வைத்துச் சோதித்து எழுதியே வைப்பார்கள் என்றாள். இது என்ன பட்டாசுக் கம்பெனியா என்று கத்தினேன். அவள் போய் மெயினை இறக்கிவிட்டு, கம்பெனிக்கு வரும் வயர்மேனுக்குப் போன் போட்டாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வந்தவர் மெஷின் சுவிட்சைத் தொடாமல் மெயினை மட்டும் போட்டு, ஷெட் போர்டில் ஒரு பல்பின் ஒரு வயரைப் பேஸிலும் மறு வயரை என் எர்த்திலும் வைத்தார். எரிகிறதே என்றேன், மிதப்பாக.

"இதுவா எரியிறது? இழை மட்டுந்தான் செவக்குது அண்ணாச்சி. தூணு காங்கிரீட்டுல நிக்குது. அடியில மண்ணு காஞ்சு கெடக்கு."

பிறகு மெயினை இறக்கிவிட்டு மெஷினின் பின்மூடியைக் கழற்றினார். கேபிள் நுழையும் ஓட்டையில் நான் ரப்பர் வளையம் போடவில்லை. தகரத்தின் விளிம்பு கேபிளை அறுத்து, செம்பு மெஷின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டிருந்தால் மெஷினில் மட்டுமல்ல, எர்த் வயர் வழியாகத் தூணிலும் கரண்டு ஏறியிருக்கும், எர்த் சரியில்லாததால் பிரேக்கரும் விழுந்திருக்காது என்றார்.

நான் தூணைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, என்ன காரியம் செய்யப் பார்த்தேன்!

அன்று மத்தியானம்வரை கடப்பாரை போட்டுக் குழி தோண்டினேன். குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். வயர்மேன் கேபிளை மாற்றி வளையம் போட்டார். புது எர்த்தில் மறுபடி பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பிறகு, கரண்டு கசிந்தால் தானாக விழும் பிரேக்கர் ஒன்றையும் மாட்டினார். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினார், டக்கென்று விழுந்தது. அம்மாடி, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

வயர்மேன் போனதும் அவளிடம் போனேன்.

"ஒன்னைய நானே கொன்னுருப்பேனே."

"அதான் கொல்லலையில்ல. சாப்பிட வாங்க."

அன்று மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.