அண்ணர் களவெடுக்காத மீன்

எங்கள் அண்ணர் குருநகரில், அலைச்சத்தம் கேட்கும் ஓர் ஓலைவீட்டில் பிறந்தார். எங்கள் தகப்பனார் கடலோடு போனபின், குடும்பத்து வள்ளமும் அதன் ஓட்டைகளும் மீசை அரும்புமுன்னே அவருக்கு வந்துசேர்ந்தன. எனக்கோ கடலைக் கண்டால் தலை சுற்றும். இவனைப் படிப்பித்தால்தான் உண்டு என்று அண்ணர் என்னை வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அவர் வெயிலில் காய்ந்ததன் பலனாக நான் நிழலில் நின்று பாடம் சொல்லும் உபாத்தியாயரானேன். அண்ணர் செய்த நட்டமான வியாபாரம் அது ஒன்றுதான்.

செத்தவர்களுக்கு அச்சிடும் நினைவு மலர்களில் எல்லோரும் உத்தமர்கள். எங்கள் அண்ணரை அப்படிச் சொன்னால் துறையில் சிரிப்பார்கள். அங்கே அவருக்குக் களவுக்காரன் என்று பெயர். அது எப்படி வந்தது என்று எழுதவே இக்கட்டுரை.

யப்பான் சண்டை எங்கள் கடலுக்கும் வந்த காலம். கடற்படைத் துரை ஒருவர் அண்ணரையும் வள்ளத்தையும் கேட்டார். மீன்பிடிக்கப் போகிறவர்போல நெடுந்தீவுக்கு அப்பால் போகவேண்டும். எதிரிக் கப்பல் தென்பட்டால், வலைக்கு அடியில் ஒளித்த கம்பியில்லாத் தந்திப் பெட்டியால் அறிவிக்கவேண்டும். வழமையான கூட்டாளிகள் நிறுத்தப்பட்டார்கள். பதிலுக்கு, சாறம் இடுப்பிலும் சோறு வயிற்றிலும் நில்லாத இரண்டு சிப்பாய்கள் ஏறினார்கள். ஒருவருக்கும், பெண்சாதிக்கும்கூட, சொல்வதில்லை என்று அண்ணரிடம் வேதாகமத்தில் சத்தியம் வாங்கினார்கள்.

கப்பல் பார்க்கப் போனவருக்கு மீன் படுமா? வெறும் வள்ளம் வந்தால் ஊர் சந்தேகப்படும் என்று துரைக்கு ஒரு யோசனை. திரும்பும் வழியில், சிப்பாய்கள் ஏறி இறங்கும் தீவுக் கரையில் ஒரு கூடை மீன் வாங்கி வள்ளத்தில் போடுவித்தார். எல்லாம் ஓராவும் திரளியும். கரையோரப் பரவைக்கடலில், களங்கட்டி என்னும் கம்புப் பட்டிகளில் படுகிற மீன்கள் அவை. ஆழ்கடலில் படாத மீன் வேண்டாம் என்று அண்ணர் சொல்லிப் பார்த்தாராம். மீன் மீன்தானே என்றாராம் துரை.

கரையில் சம்மாட்டியார் கூடையை எட்டிப் பார்த்தார். துறையின் பாதிக் களங்கட்டிகள் அவருடையவை.

"ஏன் மச்சான், நெடுந்தீவுக்கு அங்காலை போனனீர், ஓராவோடை வாறீர்?"

"வலையிலை பட்டது."

"எந்த வலையிலை? உம்மடை வலை காய்ஞ்சு கருவாடாக் கிடக்குது."

மீன் விற்கும் பெண்ணொருத்தி சொன்னாள்: "ஓரா வழி தவறிப் போயிருக்கும். உவர் பாவம் பாத்து வீட்டை கூட்டியந்திருக்கிறார்."

அந்தக் கிழமைகளில் சம்மாட்டியாரின் பட்டிகளில் மீன் குறைந்திருந்தது. அடுத்தவன் பட்டியில் கை வைப்பதைவிடக் கேவலம் எங்கள் துறையில் இல்லை. ஞாயிறு பூசை முடிய, மூப்பர்மார் அண்ணரைக் கோயில் முற்றத்தில் நிறுத்தினார்கள்.

"அந்தோனியார் சுரூபத்திலை கை வைச்சுச் சொல்லும். மீன் எங்கை பட்டது?"

"நான் களவெடுக்கேல்லை. அதைச் சத்தியம் பண்ணுறன்."

"அதை ஆர் கேட்டது? எங்கை பட்டது?"

அண்ணர் கையை நீட்டினார். மனிதரிடம் பொய் சொல்ல ஒருவாறு பழகியிருந்தார், புனிதரிடம் வரவில்லை. உண்மையைச் சொல்லவோ முந்திய சத்தியம் விடவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். துறைக்கு அது போதும்.

திருநாளில் சுரூபத்தைச் சுமந்துவரும் கூட்டின் முன்கொம்பைத் தோளில் ஏற்றுவது எங்கள் வீட்டு உரிமை. அதைப் பறித்தார்கள். மூத்த மகளுக்குப் பேசிய கலியாணம் கலைந்தது. "எனக்கெண்டாலும் சொல்லுங்கோவன்" என்று அண்ணி அழுதார். "சண்டை முடியட்டும்" என்றார் அண்ணர்.

சண்டை முடிந்தது. துரை ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிவிட்டார். சிப்பாய்கள் எந்த ஊரென்றே தெரியாது. அப்போதுதான் அண்ணர் அண்ணிக்கும் எனக்கும் வாய் திறந்தார். நான் படித்தவன் அல்லவா? உண்மைக்கு ஒரு வலிமை உண்டென்று நம்பிக் கரைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் விளக்கினேன். சம்மாட்டியார் பொறுமையாகக் கேட்டார்.

"ஓமோம் வாத்தியார். யப்பான்காரன் உங்கடை அண்ணையைக் கண்டு பயந்துதான் திரும்பினவன்."

கரை முழுதும் சிரித்தது. நன்றாகத்தான் சொன்னார், வேறு யாரையும் பற்றியென்றால் நானும் சிரித்திருப்பேன்.

அண்ணர் என்னைக் கடிந்தார்: "இனி உதைக் கதையாதை. இவ்வளவு நாளும் நான் களவுக்காரன் மட்டும்தான். இப்ப நீ என்னைப் பொய்க்காரனும் ஆக்கிப்போட்டாய்."

நெஞ்சுவருத்தத்தில் படுத்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: "என்ரை செத்தவீட்டிலை ஒருத்தரோடையும் கொளுவிச் சண்டை பிடியாதை." ஓம் என்றேன். செத்தவீட்டுக்குச் சம்மாட்டியாரும் வந்தார். பெட்டியருகில் நின்று என் கையைப் பிடித்தார். கண் கலங்கித்தான் இருந்தது.

"தம்பி, அந்த மீன் கதையை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். மனிசன் பாவம்."

"நல்லது" என்றேன். நினைவு மலரில் எழுதாதே என்று அண்ணர் சொல்லவில்லை.

அண்ணரைப் பராமரித்த வைத்தியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், பெட்டி சுமந்த உறவினருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணர் செய்யாத களவை மன்னித்த பெரியவர்களுக்கும் நன்றி. அவர்களை மன்னிக்கும் வேலையை அவர் எங்களிடம் விட்டுப் போயிருக்கிறார். அதற்கு எங்களுக்கு இன்னும் சிறிது காலம் வேண்டும்.