ஐந்தாம் ரகம்

பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் மண்டியில் இருபத்தாறு வருஷமாக ரகம் பிரிக்கிறவர் மன்சூர். உப்புப் போட்ட ஆட்டுத்தோலை விரித்து ஒருமுறை தடவினால் போதும், எப்போதோ ஆறிய தழும்பும் விரலுக்குத் தெரிந்துவிடும். மாசுமருவில்லாதது ஒன்றாம் ரகம். கிழிந்து சல்லடையானது ஐந்து. அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சில்லை.

பள்ளிக்கூடத்தில் பட்ட அடிஉதைகளைப் பெரியவர்கள் எந்த அளவுக்கு நினைவு வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற சத்யபிரியா, ஒருநாள் காலை படிவத்தோடு மண்டிக்கு வந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.

மன்சூர் தோல் பிரிக்கிற வேகத்திலேயே போட்டார். உடன் படித்தவர்கள் அடித்தார்களா? பூவரச மரத்தில் கட்டிவைத்து சைக்கிள் செயினால் விளாசியது முதுகில் எரிந்தது. ஐந்து. அவமானப்படுத்தினார்களா? கக்கூஸ் தொட்டிக்குள் தலையை அமுக்கி, 'குடிலே' என்று பிடரியில் மிதித்தது. ஐந்து. பள்ளிக்குப் போகப் பயந்ததுண்டா? அறை வாங்கி வலது காது போனதும் எட்டாவதோடு நின்றுவிட்டார். ஐந்து. பன்னிரண்டு கேள்விக்கும் ஐந்துதான்.

அத்தனையும் செய்தவன் சேக் பரீது. அன்று வகுப்புத் தோழன், இன்று மண்டி முதலாளி. காய்ச்சலில் காது போனதாகத்தான் மனைவி ஹாஃபிஸாவுக்கே தெரியும். இப்போதுதான் ஒருத்தி கேட்கிறாள். காகிதத்திலாவது ஏறட்டும் என்றிருந்தது மன்சூருக்கு.

உள்ளேயிருந்து வந்த பரீது படிவத்தைப் பிடுங்கிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏலே மன்சூரு! அஞ்சுன்னா ஒருக்காகூட இல்லைன்னு மேல போட்டிருக்குல்ல? ஒண்ணுன்னாத்தான்டா தினமும். ஒன்னைய யாரும் தொட்டதே இல்லைன்னு ஒன் கையாலயே எழுதிக் குடுத்துட்டியே!"

"மாத்தி எழுதிக்கலாம்ணே," என்றாள் சத்யபிரியா.

"ஒண்ணும் மாத்த வேணாம்மா. செவிட்டுப் பயலுக்கு என்ன ஞாவகம் இருக்கப்போவுது?"

மன்சூர் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பரீதின் பிடரியைப் பிடித்து உப்புத்தோல் அடுக்கில் முகத்தை மோதினார். மூக்கு உடைந்து உப்பு சிவந்தது. விலக்க வந்த, மண்டியில் கூட வேலை பார்க்கும் ரஃபியை முழங்கையால் தள்ளிவிட்டு மறுபடி மோதினார். கண்ணில் உப்பேறிப் பரீது அலறினான்.

"பாப்பா, வேற தாளு எடு. மொதக் கேள்வியப் படி."

அவள் புதுத் தாளை எடுத்துப் படித்தாள். "உடன் படித்தவர்கள் உங்களை அடித்தார்களா?"

"நீ சொல்லுலே," என்று பிடியை இறுக்கினார் மன்சூர்.

"ஒண்ணு... ஒண்ணு," என்றான் பரீது, வாயெல்லாம் உப்பும் ரத்தமுமாக.

"வட்டம் போட்டியா பாப்பா? அடுத்ததப் படி. இன்னும் பதினொண்ணு இருக்கு."